‘ஃபாஸ்ட் கார்’ வந்த வழி

1969-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஹீ ஹா’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. வைக்கோல் கட்டுகள், சோளக்கொல்லை, பட்டிக்காட்டுக் கேலி, நடுநடுவே கன்ட்ரி பாட்டு. பக் ஓவன்ஸ், ராய் கிளார்க் என்ற இரண்டு பாடகர்கள் கிடாரும் கையுமாக அதை நடத்தினார்கள். தென்மாநிலத்து வெள்ளைக்காரக் கிராமங்களை மனத்தில் வைத்து எடுத்த நிகழ்ச்சி அது. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், உழைத்துப் பிழைக்கும் கறுப்பினக் குடும்பம் ஒன்றில், ஒரு சிறுமி அதைப் பார்த்தாள். அதில் வந்த கிடார்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. எட்டு வயதில் கிடார் பழகத் தொடங்கினாள். கிடார் ஆசை வந்தது அந்த நிகழ்ச்சியால்தான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அவர் பெயர் ட்ரேசி சாப்மன்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. சாப்மன் எழுதிய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டு, வெளிவந்து 35 ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளைக்காரக் கன்ட்ரி பாடகரின் குரலில் அமெரிக்காவை மறுபடி ஒரு சுற்று வந்தது. இந்தப் பாட்டு எப்படி அங்கே போயிற்று என்று பலர் வியந்தார்கள். அந்த வழி அதன் பிறப்பிலேயே இருந்தது.

ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதைக் கவர் என்பார்கள். நல்ல அக்கூஸ்டிக் கவர் பாட்டுகளாக நாலு சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நாலு பாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்த ஒரு பாட்டை நாலு பேர் குரலில் கேளுங்கள் என்பேன். எந்தக் கவர் பாட்டுக்கு உயிர் கொடுக்கிறது, எது அதன் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது என்பது காதுக்கே பிடிபட்டுவிடும்.

சாப்மன் பிறந்தது 1964-இல். நான்கு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். இரண்டு பெண்களையும் அம்மாதான் வளர்த்தார். கையில் காசில்லாத அந்த அம்மா, இசையில் மகளுக்கு இருந்த நாட்டத்தைப் பார்த்து மூன்று வயதிலேயே ஒரு உக்குலேலே வாங்கிக் கொடுத்திருந்தார். உதவித்தொகையில் கனெக்டிகட் மாநிலத்து விடுதிப் பள்ளிக்குப் போனார் சாப்மன். நல்ல கிடார் ஒன்று வாங்க அந்தப் பள்ளியின் பாதிரியார் பணம் திரட்டிக் கொடுத்தார். பிறகு பாஸ்டனுக்குப் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படிப்பு. படிக்கும்போதே ஹார்வர்ட் சதுக்கத்துத் தெருவோரத்தில் பாடினார், காபிக் கடைகளில் பாடினார். தெருவில் பாடுகிறவருக்கு டிரம்ஸ் கிடையாது, மைக் கிடையாது. நடந்து போகிறவரை நிற்க வைக்கக் கிடாரும் குரலும்தான் இருக்கின்றன. ‘ஃபாஸ்ட் கார்’ எழுதப்பட்டது அந்த நாட்களில், 1986-இல்.

அந்தக் கிடாரைக் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்க வேண்டும். கிடாரின் கழுத்தில் இரண்டாவது கட்டத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்கிறார். வாசிப்பது நான்கே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள். வலக்கை ஒரு தந்தியை மீட்ட, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இடக்கை விரல் அதே தந்தியின் மேல் தட்டி அடுத்த சுரத்தை எழுப்புகிறது. ஒரு மீட்டலில் இரண்டு சுரம். அதனால்தான் அந்தத் துண்டு எப்போதும் ஒரு அடி முன்னால் எட்டி வைப்பது போல ஒலிக்கிறது. ஆனால் நான்கு கார்டுகளும் வந்து அமர வேண்டிய வீட்டுக் கார்டில் முடிவதில்லை. சுற்று முடியும் இடத்தில் இசை தொங்கி நிற்கிறது, உடனே முதலிலிருந்து தொடங்குகிறது. ஏறக்குறைய ஐந்து நிமிடமும் பெரும்பகுதி இதேதான். ஓடிக்கொண்டே இருக்கிறது, போய்ச் சேருவதில்லை. இந்தப் பாட்டின் கதை முழுவதும் அந்தக் கிடார்த் துண்டிலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கதை இதுதான். ஒரு பெண் தன் காதலனிடம் பேசுகிறாள். அவனிடம் வேகமாகப் போகிற கார் இருக்கிறது. அவளிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சின்னக் கடையில் வேலை பார்த்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறாள். அப்பா குடிகாரர். அம்மா விட்டுப் போய்விட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் படிப்பை நிறுத்தினாள். இருவரும் ஊரை விட்டுப் போகிறார்கள். அவளுக்குச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுகள் போகின்றன. இப்போது அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவனோ பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைவிட மதுக்கடையில் நண்பர்களோடு இருக்கும் நேரம்தான் அதிகம். அப்பாவின் வாழ்க்கை அவள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. சேர்ந்து போய்விடலாம் என்று தொடங்கியவள், கடைசியில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு நீ போ என்கிறாள்.

நான்கு சரணம் கடந்த பிறகே பல்லவி வருகிறது. அது இருவரும் காரில் பறந்த ஒரு இரவின் நினைவு. நகரத்து விளக்குகள், தோளில் அவன் கை, தானும் ஒரு ஆளாகிவிடலாம் என்ற எண்ணம். டிரம்ஸ் முழு பலத்தோடு இறங்குவது அங்கேதான். முதல் முறை கேட்கும்போது அது ஆனந்தமாக இருக்கிறது. மூன்றாம் முறை வரும்போது அதே சொற்கள், அதே தாளம், ஆனால் கேட்கிறவருக்கு நெஞ்சை அடைக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றாமல் பொருளை மாற்றிவிடுகிற பல்லவி. உலகப் பாட்டுகளில் இப்படி அமைந்தவை குறைவு.

இது என் கதை இல்லை என்று சாப்மன் சொல்லியிருக்கிறார். தன்னிடம் வேகமான கார் எதுவும் இருந்ததில்லை என்றும், வளர்ந்த ஊரில் பார்த்த மனிதர்களையும் தன் பெற்றோர் வாழ்க்கையைத் தொடங்கிய விதத்தையும் நினைத்தே எழுதியதாகவும் பேட்டிகளில் விளக்கினார்.

பாட்டு தெருவிலிருந்து வெளியே வந்தது ஒரு போராட்டத்தால். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிராக டஃப்ட்ஸ் மாணவர்கள் போராட்டம் நடத்தினார்கள். அந்த வேலையில் இருந்த பிரையன் காப்பெல்மன் என்ற மாணவரிடம், பாடுவதற்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அவர் காபிக் கடைக்குப் போய்க் கேட்டார். அவருடைய அப்பா சார்ல்ஸ் காப்பெல்மன் இசைப் பதிப்புத் தொழிலில் பெரிய ஆள். அந்த வழியாக எலெக்ட்ரா நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. அன்றைக்கு வானொலி முழுக்க சிந்தசைசரும் டிரம் மெஷினும் கோலோச்சிய காலம். இப்படி ஒருவரின் குரலையும் கிடாரையும் வைத்து யார் ரெகார்டிங் செய்வது என்று தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். ஏற்றுக்கொண்டவர் டேவிட் கெர்ஷன்பாம். ஹாலிவுட்டில் பதிவு நடந்தது. லாரி கிளைன் பேஸ், டென்னி ஃபாங்கைசர் டிரம்ஸ். ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டில் மட்டும் எட் பிளாக் ஸ்டீல் கிடார் வாசித்தார். ஸ்டீல் கிடார் கன்ட்ரி இசையின் அடையாள வாத்தியம். 1988 பதிவைக் கவனித்துக் கேட்டால் அது பின்னணியில் மெல்ல இழைந்துகொண்டிருக்கும்.

1988 ஏப்ரலில் ஆல்பம் வந்தது. ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில், சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70-ஆம் பிறந்த நாளுக்காக மாபெரும் இசை நிகழ்ச்சி. 67 நாடுகளில் ஒளிபரப்பானது. சாப்மன் தன் முறைக்கு வந்து மூன்று பாட்டைப் பாடிவிட்டு இறங்கிவிட்டார். மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரத்தில், அவருடைய சின்கிளேவியர் வாத்தியத்துக்கான ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. அவர் வாசிக்க வேண்டிய இசை முழுக்க அதில்தான் இருந்தது. அவர் கலங்கிப்போய் வெளியேறிவிட்டார். நேரடி ஒளிபரப்பு, கூட்டம் காத்திருக்கிறது. எந்த வாத்தியமும் இணைத்துச் சரிபார்க்கத் தேவையில்லாத ஒருவர் வேண்டும். சாப்மனை மறுபடி அழைத்தார்கள். ஒரு கிடார், ஒரு மைக். திரையை மூடி அடுத்த குழுவுக்கு மேடை தயாராகிக்கொண்டிருக்க, முன்னால் தனியாக நின்று அவர் ‘ஃபாஸ்ட் கார்’ பாடினார். பெரிய பெயர்களைக் கேட்க வந்த கூட்டம் மெல்ல மெல்ல அடங்கி ஒரு பெண்ணின் குரலைக் கேட்கத் தொடங்குவதை அந்த ஒளிப்பதிவில் இன்றும் பார்க்கலாம். தெருவோரத்தில் ஆளை நிறுத்தக் கற்ற வித்தை அங்கே கைகொடுத்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். பாட்டு அமெரிக்காவில் 6-ஆம் இடம், பிரிட்டனில் 5-ஆம் இடம். அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள். 1996-இல் ‘கிவ் மி ஒன் ரீசன்’ பாட்டும் பெரிய வெற்றி பெற்றது. 2008-இல் அவருடைய கடைசி ஆல்பம், 2009-இல் கடைசிச் சுற்றுப்பயணம். பிறகு சாப்மன் பொதுவெளியில் அரிதாகவே தென்பட்டார். பாட்டு மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சுற்றில் அது பலர் கையில் பட்டது. 2011-இல் பிரிட்டனின் ஒரு திறமைப் போட்டியில் ஓர் இளைஞர் கிடாரோடு வந்து இதைப் பாட, மக்கள் சாப்மனின் அசல் பதிவைத் தேடி வாங்கினார்கள். பாட்டு 4-ஆம் இடத்துக்கு ஏறியது, 1988-இல் தொட்டதைவிட ஒரு படி மேலே. 2015 இறுதியில் ஜோனாஸ் புளூ என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் டகோட்டா என்ற பாடகியின் குரலில் இதை நடன இசையாக்கினார். பிரிட்டனில் 2-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம். அதைக் கேட்டு ஆடியவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கடற்கரை வெயில் போன்ற அந்தத் துள்ளலில் மூன்றாவது பல்லவிக்கும் முதல் பல்லவிக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. குடிகார அப்பாவும் படிப்பை விட்ட மகளும் கைதட்டும் தாளத்தில் கரைந்துவிடுகிறார்கள். ஆனாலும், 1988-இல் பிறந்தே இராத ஒரு தலைமுறை இந்த மெட்டை முதலில் கேட்டது அதில்தான் என்பதை மறுக்க முடியாது. 2016-இல் பிபிசி ரேடியோ 1-இன் லைவ் லவுஞ்ச் நிகழ்ச்சிக்கு வந்த ஜஸ்டின் பீபரும் இதைத்தான் பாடினார்.

அக்கூஸ்டிக் பக்கம் வந்தால், ஃபுளோரிடாவைச் சேர்ந்த மூன்று சகோதரர்களின் பாய்ஸ் அவென்யூ குழு, கினா கிரானிஸ் என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய வடிவம் இணையத்தில் மிகவும் பிரபலம். வாத்தியங்கள் அடக்கம், இரண்டு குரலும் சுத்தம். இரவில் கேட்க இதமான பாட்டு. என் குறை ஒன்றுதான். இது ஒருத்தி பேச, எதிரில் இருப்பவன் பதிலே சொல்லாத பாட்டு. அவன் வாய் திறக்காததுதான் கதையின் வலியே. இருகுரல் பாட்டாக்கும்போது அந்த மௌனம் உடைந்துவிடுகிறது.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்து பிளாக் பூமாஸ் குழு 2020-இல் வெளியிட்ட வடிவத்தைக் கட்டாயம் கேளுங்கள். பாடகர் எரிக் பர்ட்டன் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்பாலத்தில் பாடிப் பிழைத்தவர். கிடார் கற்ற ஆரம்ப நாட்களிலேயே தனக்குப் பழகிய பாட்டு இது என்று சொல்லியிருக்கிறார். சாப்மனைப் போலத் தெருவில் நின்ற குரல் என்பதாலோ என்னவோ, அவர் அவசரப்படுவதில்லை. சோல் பாடகர்களுக்கே உரிய உடைவு குரலில் வருகிறது, ஆனால் அழுது காட்டுவதில்லை. கடைசிச் சரணத்தில் அந்தப் பெண் முடிவெடுக்கும் இடத்தைக் குரலை உயர்த்தாமலே கடக்கிறார். ஒரு கவரை நான் அளப்பது அந்த இடத்தில்தான். அங்கே கதை திரும்புவது நமக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் எவ்வளவு அழகாகப் பாடியிருந்தாலும் பாட்டு கை நழுவிவிட்டது என்று பொருள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கன்ட்ரி பாடகர், லூக் கோம்ப்ஸ். 1990-இல் பிறந்தவர், வட கரோலினாவில் வளர்ந்தவர். சிறு பையனாக அப்பாவோடு அவருடைய டிரக்கில் போகும்போது சாப்மனின் கேசட் ஓடும். அதில் தனக்குப் பிடித்த முதல் பாட்டு ‘ஃபாஸ்ட் கார்’ என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கல்லூரி நாட்களில் மதுக்கடை மேடைகளில் பாடத் தொடங்கியபோதும் இது அவர் கையிருப்பில் இருந்தது. கன்ட்ரி உலகின் பெரிய நட்சத்திரம் ஆன பிறகு, 2023 மார்ச்சில் வந்த ‘கெட்டின் ஓல்டு’ ஆல்பத்தில் இதைச் சேர்த்தார். வானொலிக்கென்று ஒதுக்கிய பாட்டாக முதலில் அது இல்லை. கேட்டவர்கள் விடவில்லை.

அவர் செய்த நல்ல காரியம், பாட்டில் கை வைக்காததுதான். அதே கிடார்த் துண்டு, ஏறக்குறைய அதே வேகம். முழு அக்கூஸ்டிக் என்று சொல்ல முடியாது, டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் உண்டு. ஆனால் பாட்டின் முதுகெலும்பு அந்தக் கிடார்தான். முக்கியமானது இன்னொன்று. பில் போடும் பெண் என்று பாட்டில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடத்தை, தாடி வைத்த அந்த முரட்டுக் குரல்காரர் அப்படியே பாடுகிறார். ஆணாக மாற்றிக்கொள்ள ஒரு சொல் போதும், அவர் மாற்றவில்லை. அதனால் அவர் தன் கதையைச் சொல்லவில்லை, அவள் கதையைச் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடுகிறது. நம் ஊரில் ஆண்கள் நாயகி பாவத்தில் பாடிய பாசுரங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே படாது.

2023 ஜூலையில் அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் இந்தக் கவர் 2-ஆம் இடம் வரை போனது. அசலைவிட நாலு படி மேலே. கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். தான் ஒருவராகவே எழுதிய பாட்டால் அந்தப் பட்டியலின் உச்சியைத் தொட்ட முதல் கறுப்பினப் பெண் சாப்மன். கன்ட்ரி பட்டியலில் என் பெயர் வரும் என்று நினைத்ததே இல்லை, பெருமையாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு சிறு அறிக்கை கொடுத்தார். அதற்கு மேல் பேசவில்லை.

பணம் யாருக்குப் போனது என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் ஒருமுறை வெளியான பாட்டைக் கவர் செய்ய எழுதியவரின் அனுமதி தேவையில்லை, சட்டம் குறித்த தொகையைக் கட்டினால் போதும். இந்த ஏற்பாடு பிறந்தது பியானோ ரோல் என்ற துளையிட்ட காகிதச் சுருளால். தானாக வாசிக்கும் பியானோவுக்குள் அதைப் பொருத்துவார்கள். அது இசையின் நகல் ஆகாது, எழுதியவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று 1908-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி எழுதியவருக்கு உரிமை தந்தது. ஒரே நிறுவனம் எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், காசு கட்டினால் யாரும் பதிவு செய்யலாம் என்றும் சேர்த்தது. அன்று ஒரு பிரதிக்கு 2 சென்ட், 1978 வரை அதே 2 சென்ட். 2023-இல் 12 சென்ட்.

இன்னொரு விசித்திரம், அமெரிக்காவின் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத்தான் பணம் தருகின்றன. பாடியவருக்குக் கிடையாது. ஆகவே கன்ட்ரி வானொலியில் கோம்ப்ஸின் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் காசு போனது சாப்மனுக்கு. பாட்டின் பதிப்புரிமையும் அவரிடமே இருந்தது. முதல் சில மாதங்களிலேயே சுமார் 5 லட்சம் டாலர் அவருக்குப் போயிருக்கும் என்று பில்போர்டு இதழ் கணக்கிட்டது. கவர் செய்வதற்குத்தான் இந்தத் தாராளம். பாட்டின் துண்டை எடுத்துத் தன் பாட்டில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். அனுமதி மறுத்தும் தன் ‘பேபி கேன் ஐ ஹோல்டு யூ’ பாட்டை ராப் பாடகி நிக்கி மினாஜ் எடுத்தாண்ட பாட்டு வெளியே கசிந்தபோது, 2018-இல் சாப்மன் வழக்குப் போட்டார். 4.5 லட்சம் டாலரில் அது முடிந்தது. தன் பாட்டுக்குக் காவல் இருக்கத் தெரிந்தவர் அவர்.

பணம் சரியாகப் போனாலும் மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. அதை அமெரிக்காவில் பலர் வெளிப்படையாகவே எழுதினார்கள். இதே பாட்டை ஒரு கறுப்பினப் பெண் இன்று எழுதிப் பாடிக் கொண்டுபோனால் கன்ட்ரி வானொலி ஒலிபரப்பியிருக்குமா? நியாயமான கேள்வி. பாஞ்சோ வாத்தியத்தின் மூலம் மேற்கு ஆப்பிரிக்கா. கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்டெல் மேடையேறியது 1969-இல். ‘ஹீ ஹா’ நிகழ்ச்சியிலும் அவர் பாடினார். ஆனால் ஒரே ஒரு ஆல்பத்தோடு அவர் பாதை அடைபட்டுப்போனது. அவருக்குப் பின் வந்த கறுப்பினப் பெண்களுக்கும் அந்த வானொலியில் கிடைத்த இடம் மிகச் சிறிது. கோம்ப்ஸின் மரியாதை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குத் திறந்த கதவு சாப்மனுக்கு ஒரு வெள்ளைக்கார ஆணின் குரல் வழியாகத்தான் திறந்தது என்பதும் உண்மை.

2023 நவம்பரில் நாஷ்வில் நகரில் கன்ட்ரி இசைச் சங்க விருதுகள் வழங்கப்பட்டன. ஆண்டின் சிறந்த பாட்டு ‘ஃபாஸ்ட் கார்’. எழுதியவருக்குத் தரும் விருது அது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் சாப்மன். அவர் வரவில்லை, நன்றிக் குறிப்பு மட்டும் அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 4, லாஸ் ஏஞ்சல்ஸில் கிராமி விழா. மேடையில் முதலில் காட்டியது முகத்தை இல்லை, கிடார்ப் பலகையில் நகரும் விரல்களை. இரண்டாவது கட்டத்தில் கேப்போ. தட்டி எழும் அந்த இரட்டைச் சுரம். கேமரா மேலே போக, நரைத்த சடைமுடியோடு 59 வயது சாப்மன் சிரிக்கிறார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. கோம்ப்ஸும் சாப்மனும் சரணங்களைப் பகிர்ந்து பாடினார்கள். தன் முறை இல்லாதபோதும் கோம்ப்ஸின் உதடுகள் அவரோடு சேர்ந்து முணுமுணுத்தன. ஒரு கவரைப் பாடியவர் அசலை எழுதியவரை இப்படிப் பார்ப்பதை நான் வேறு மேடையில் கண்டதில்லை. முடிவில் அவரை நோக்கிக் குனிந்து வணங்கினார். அன்று இரவே 1988-இன் அசல் பதிவு ஐட்யூன்ஸ் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஹாட் 100 பட்டியலுக்கும் திரும்பியது. இருகுரல் பாட்டைப் பற்றி மேலே ஒரு குறை சொன்னேன். இங்கே அந்தக் குறை எழவில்லை. கோம்ப்ஸ் காதலனாகப் பதில் பேசவில்லை, இருவருமே அந்தப் பெண்ணாகவே பாடினார்கள்.

கேட்கப் போகிறவர்கள் 2023-இலிருந்து பின்னோக்கிப் போகலாம். முதலில் கோம்ப்ஸ், பிறகு பிளாக் பூமாஸ், அதன் பிறகு வெம்பிளி ஒளிப்பதிவு, கடைசியாக ஸ்டுடியோப் பதிவு. ஹெட்போன் இருந்தால் நல்லது, அந்த ஸ்டீல் கிடார் அப்போதுதான் பிடிபடும். 2025 ஏப்ரலில் அந்த முதல் ஆல்பம் மறுபடி இசைத்தட்டாக வெளிவந்தது. சாப்மனே கெர்ஷன்பாமோடு உட்கார்ந்து அதன் ஒலியைச் சரிபார்த்தார். அப்போது கொடுத்த பேட்டியில், ஸ்ட்ரீமிங்கில் தான் பாட்டுக் கேட்பதில்லை, தட்டாகவோ சிடியாகவோ வாங்கினால்தான் கலைஞருக்குப் பணம் போகிறது என்றார். அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு ‘ஃபாஸ்ட் கார்’.